தொழிலறிவும் ஓர் அமானிதம்

"இக்காலத்துப் பிள்ளைகள் எதையும் காதில் வாங்குவதில்லை" என்று பணியிடத்தில் இருக்கும் முதியவர் குறைப்படுகிறார். "பெரியவர்கள் எதையும் வாய்விட்டுச் சொல்வதில்லை" என்று அவருக்கருகில் அமர்ந்திருக்கும் இளைஞர் குறைப்படுகிறார். அரசு அலுவலகம், ஆலை, கடை, தோட்டம் என எங்கு நோக்கினும் இவ்விரு குறைகளும் ஒரே கூரையின் கீழ் ஒலித்த வண்ணமே இருக்கின்றன. நாமோ இதற்குத் தலைமுறை இடைவெளி என்று பெயரிட்டு, காலத்தின் கோலம் என்று கைகழுவி விடுகிறோம். சற்று ஆழ்ந்து நோக்கினால் இது வயதைப் பற்றிய வழக்கன்று, உடைமையைப் பற்றிய வழக்கு என்பது புலப்படும்.

ஒருவர் முப்பதாண்டுக் காலம் உழைத்துத் தேடிய தொழிலறிவு யாருக்குச் சொந்தம்? தேடியவருக்கா? ஊதியம் கொடுத்தவருக்கா? பின்னால் வந்து அதே நாற்காலியில் அமரப் போகிறவருக்கா? இந்த வினாவுக்கு விடை காணாமல், "ஒருவரோடொருவர் நன்றாகப் பேசிப் பழகுங்கள்" என்று இரு சாராருக்கும் உபதேசம் செய்வதால் பயனில்லை. இவ்வினாவை நான் ஏட்டில் படித்து அறியவில்லை. நான் செய்த ஒரு பிழையின் வழியே அறிந்தேன். அதனை முதலில் சொல்லிவிடுவதே முறை.

பேரேட்டில் ஒரு பிறை

பழனி மலையடிவாரத்து ஊர் ஒன்றில், மலைச் சரக்கு வந்திறங்கும் கமிஷன் மண்டி ஒன்றில் நான் நெடுங்காலம் கணக்கெழுதி வந்தேன். உருளைக்கிழங்கு, காரட், பூண்டு, பேரிக்காய், மலைவாழை என்று பருவத்துக்கேற்பச் சரக்கு வரும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அங்கிருந்த மூத்த கணக்கர், பேரேட்டில் சில பெயர்களுக்கு எதிரே பிறை போன்ற ஒரு சிறு வளைகோடு இட்டு வைத்திருந்தார். அதன் பொருள் என்னவென்று கேட்கும் துணிவு எனக்கு ஓராண்டு கழித்தே வந்தது.

"இவர்கள் கையில் ரொக்கம் நிற்காதவர்கள். விதைக்கு வாங்கிய முன்பணத்தை ஒரே சிட்டையில் கழித்துவிடாதே. ஒவ்வொரு சரக்கிலும் கால் பங்கு மட்டும் கழி. நம் முதலாளியின் அத்தா காலத்திலிருந்தே இப்படித்தான்" என்றார் அவர்.

எந்தத் தாளிலும் எழுதப்படாத ஒரு வாக்குறுதியை அந்தப் பிறைக்கோடு காத்து வந்தது. அவருக்குப் பின் நானும் அதனைக் காத்தேன். ஆண்டுகள் ஓடின. வணிகவியல் படித்த இளைஞர் ஒருவர் மண்டிக்கு வந்தார். கணினி வந்தது. நல்ல பிள்ளை, சுறுசுறுப்பானவர். ஒருநாள் அவர், "இந்தப் பழைய பேரேடெல்லாம் இனி எதற்கு, பாய்? கட்டி மேலே போட்டுவிடலாமே" என்றார். அவர் மனத்தில் அவமதிக்கும் எண்ணம் இல்லை. ஆயினும் என் முப்பதாண்டு உழைப்பையே கட்டி மேலே போடச் சொன்னதுபோல் எனக்குச் சுருக்கென்றது. "போட்டுவிடு, தம்பி" என்று மட்டும் சொன்னேன். பிறையைப் பற்றிச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுத என் மனச்சாட்சி இடந்தரவில்லை. நினைவிருந்தும் சொல்லவில்லை.

நான் ஓய்வு பெற்ற சில மாதங்களில், மேல்மலைக் கிராமம் ஒன்றிலிருந்து கணவனை இழந்த ஓர் அம்மாள் பூண்டு மூட்டைகளோடு இறங்கி வந்தார். கணினி தன் கடமையைப் பிழையின்றிச் செய்தது. நிலுவையிலிருந்த முன்பணம் முழுவதையும் ஒரே சிட்டையில் கழித்தது. லாரி வாடகை போக அந்த அம்மாள் கையில் எஞ்சியது பேருந்துக் கட்டணத்துக்கும் சற்றே கூடுதலான தொகை. அவர் யாரிடமும் வாதிடவில்லை. சிட்டையை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு பேருந்து ஏறிவிட்டார். செய்தி என் காதுக்கு எட்டப் பத்து நாளாயிற்று. மண்டிக்கு ஓடினேன்.

"நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பாய்" என்றார் அந்த இளைஞர்.

"நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, தம்பி" என்றேன் நான்.

இரண்டும் மெய்யே. ஆனால் அந்த இரண்டு மெய்களையும் சேர்த்து வைத்தாலும் ஒரு படி விதைப்பூண்டு ஆகாது. மறுநாளே அந்த இளைஞர் பணத்தை எடுத்துக்கொண்டு தாமே மலையேறிச் சென்று கொடுத்து வந்தார். அதற்குள் நடவுக் காலம் பாதி கடந்திருந்தது.

இருவருக்கிடையே நிலவும் மௌனத்தின் பாரம் அவ்விருவர் மீதும் விழுவதில்லை. அங்கே இல்லாத மூன்றாமவர் மீது விழுகிறது. பணியிடத்து உரையாடலைப் பற்றி நான் கற்ற முதற்பாடம் இது.

மலையுச்சியில் ஒரு மறுமொழி

அவ்வாண்டுக் கோடையில் குடும்பத்தாரோடு கொடைக்கானல் சென்றிருந்தேன். ஏரியையும் தூண்பாறையையும் பார்த்த பின், ஊர்க்காரர்கள் 'அப்சர்வேட்டரி' என்றே அழைக்கும் சூரிய ஆய்வுக்கூடத்துக்குப் பிள்ளைகள் இழுத்துச் சென்றனர். ஏறத்தாழ 7,700 அடி உயரத்தில் அமைந்தது அது. வேடிக்கை பார்க்கச் சென்ற எனக்கு, நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்த வினாவுக்கு அங்கே ஒரு மறுமொழி காத்திருந்தது. பின்னர் அக்கூடத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தை நம் பாட்டனார்கள் கதை கதையாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். மழை ஏன் பொய்த்தது என்று ஆராய்ந்தவர்களுக்கு, சூரியனில் நிகழும் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கலாமோ என்ற எண்ணம் எழுந்தது. சூரியனை நாள்தோறும் கவனிக்க மேகமும் தூசியும் குறைந்த உயரமான இடம் தேவைப்பட்டது. சார்லஸ் மிச்சி ஸ்மித் நீலகிரியையும் பழனி மலையையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கொடைக்கானலைத் தேர்ந்தார். 1895ஆம் ஆண்டு ஆளுநர் வென்லாக் பிரபு அடிக்கல் நாட்டினார். 1899ஆம் ஆண்டு ஏப்ரலில் பணி சென்னையிலிருந்து மலைக்கு மாறியது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலிருந்து, வானம் வெளித்த நாளெல்லாம் அங்கே சூரியனைப் படம் பிடித்து வந்திருக்கின்றனர். வெண்ணொளிப் படங்களின் வரிசை 1904இலேயே தொடங்கிவிடுகிறது. கண்ணாடித் தட்டுகளிலும் பின்னர்ப் படச்சுருளிலும் பதிந்த அந்தப் படங்கள் நூறாண்டுக்கு மேற்பட்ட சூரியனின் நாட்குறிப்பாக இன்று விளங்குகின்றன. உலகில் இத்தகைய நெடிய தொடர்ப் பதிவு மிகச் சில இடங்களிலேயே உண்டு.

இடையில் எத்தனை மாற்றங்கள்! இரண்டு உலகப் போர்கள் வந்து போயின. ஆங்கிலேயர் ஆட்சி போய் நாடு விடுதலை பெற்றது. 1937இல் ஏ. எல். நாராயண் அக்கூடத்தின் முதல் இந்திய இயக்குநரானார். 1960இல் வைணு பாப்பு பொறுப்பேற்றார். 1971இல் அது இந்திய வானியற்பியல் நிறுவனம் என்னும் தன்னாட்சி அமைப்பாயிற்று. கொடி மாறியது, பெயர் மாறியது, தலைமை மாறியது. காலையில் எழுந்து குவிமாடத்தைத் திறந்து சூரியனை நோக்கும் பணி மட்டும் மாறவில்லை. ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறையினர் அங்கே அடுத்தடுத்து அப்பணியைச் செய்துள்ளனர் என்று அறிந்தபோது, நான் அந்தப் பேரேட்டை நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாழ்நாள் போதாது

தொடர்ச்சி அங்கே எப்படிக் கைகூடிற்று? மலைக்காற்று மனிதர்களை நல்லவர்களாக்கி விட்டதா? இல்லை. அவர்கள் கையிலெடுத்த வேலையே அவர்களுக்குப் பணிவைக் கற்பித்தது என்று கருதுகிறேன்.

சூரியனின் கரும்புள்ளிகள் பெருகிக் குறைவது ஏறத்தாழ பதினோராண்டுச் சுற்று. சூரியனின் காந்தத் துருவங்கள் இடம் மாறி மீண்டும் பழைய நிலைக்கு வர அதனினும் இருமடங்கு காலமாகும். முப்பதாண்டு பணிபுரியும் ஒருவர் மூன்று சுற்றுகளைக்கூட முழுமையாகக் காணமாட்டார். ஒரு சுற்றைப் போல் மறு சுற்று இருப்பதுமில்லை. ஆகவே அங்கே பணிக்குச் சேரும் ஒருவர், "இந்த வேலையை நான் முடித்துவிடுவேன்" என்று எண்ணவே வழியில்லை. தமக்கு முன்னிருந்தவர் தொடங்கியதை வாங்கி, தமக்குப் பின் வருபவரிடம் கொடுப்பதொன்றே அவரால் இயலும்.

அதே பழனி மலையில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி பூக்கிறது. 2006இல் பூத்தது; 2018இல் பூத்தது; இனி 2030இல் பூக்கும் என்று எதிர்பார்க்கின்றனர். முதன்முறை காணும் சிறுவனுக்கு, "இதற்கு முன்பும் இது பூத்தது" என்று சொல்ல ஒரு பெரியவர் வேண்டும். அவர் சொல்லாவிடில் அவனுக்கு அது ஒருநாள் அதிசயம். சொன்னால்தான் அது ஒரு காலக் கணக்கு.

நம் மண்டியும் அலுவலகமும் அப்படியல்ல என்று நாம் நினைக்கிறோம். ஆண்டுக்கணக்கு மார்ச்சு மாதத்தோடு முடிந்துவிடுவதால், வேலையும் நம்மோடு முடிந்துவிடும் என்று மயங்குகிறோம். மெய்யில் எல்லாத் தொழிலும் குறிஞ்சியின் கணக்கில் நடப்பவையே. பஞ்சம் வந்த ஆண்டு, சரக்குத் தேங்கிய ஆண்டு, வெள்ளம் பாதையை அறுத்த ஆண்டு ஆகிய இவை பத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை வருவன. அவற்றைக் கண்டவர் சொல்லாமல் போனால், காணாதவர் மறுமுறையும் முதலிலிருந்தே விலை கொடுத்துக் கற்க வேண்டும்.

எந்த ஒன்பது மணி?

கைமாற்ற வேண்டியது எது என்பதை அந்தக் கண்ணாடித் தட்டுகளே நமக்குக் கற்பிக்கின்றன. அண்மை ஆண்டுகளில் ஆய்வாளர்கள் அப்பழைய படங்களைக் கணினியில் ஏற்றியுள்ளனர். படம் மட்டும் இருந்தால் அவ்வேலைக்குப் போதுமா? போதாது. எந்த நாள், எந்த நேரம், எந்தப் பக்கம் வடக்கு என்ற குறிப்பும் வேண்டும். சூரியன் தன் அச்சில் சுழல்கிறது. ஆகவே நேரம் பிசகினால் கரும்புள்ளியின் இடமும் பிசகும்.

'காலை 9 மணி' என்று ஒருவர் எழுதி வைத்தார் என்று கொள்வோம். எந்த 9 மணி? இந்தியாவுக்குப் பொதுவான நேரம் 1906ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் சென்னை நேரம் தனியே வழங்கிற்று. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல் 1945 வரை, நாட்டின் கடிகாரங்களை ஒரு மணி முன்தள்ளி வைத்திருந்தனர். எழுதியவருக்கு அது ஐயத்துக்கே இடமில்லாத செய்தி. சுவரில் தொங்கும் கடிகாரத்தைப் பார்த்தார், எழுதினார். எண்பதாண்டு கழித்துப் படிப்பவருக்கோ அச்சுவரும் இல்லை, அக்கடிகாரமும் இல்லை.

முதியவர்கள் சொல்லாமல் விடுபவற்றில் பெரும்பாலானவை வஞ்சகத்தால் மறைத்தவை அல்ல. "இதுகூடவா தெரியாது?" என்று எண்ணி விட்டவை. நம் கண்ணுக்கு மிக நெருங்கியிருப்பது நமக்கே தெரிவதில்லை. ஆகவே, கேட்பவர் இல்லாமல் சொல்பவர் தம் அறிவின் முழு அளவை அறியவே முடியாது. இளைஞரின் கேள்வி முதியவருக்குச் செய்யும் தொண்டு இது. "ஏன்?" என்று கேட்கும் பிள்ளையை எதிர்த்துப் பேசுபவன் என்று எண்ணுவோர், தம் அறிவை முழுதும் வெளிக்கொணரும் கருவியைத் தாமே வீசியெறிகின்றனர்.

செய்தியை மட்டும் பெறாமல் அது யார் வாயிலாக வந்தது, அவர் யாரிடம் கேட்டார், அவர் நினைவாற்றல் எத்தகையது என்று தொடர் தொடராக ஆராய்ந்து ஏற்ற ஒரு பெரும் கல்வி மரபு நமக்கு உண்டு. அம்மரபைப் பற்றி மேடைகளில் பெருமிதத்தோடு பேசும் நாம், நம் கடையின் கல்லாப்பெட்டிக்கருகில் அதனைக் கடைப்பிடிப்பதில்லையே!

கல்லில் எழுதியதும் காதில் சொல்லாததும்

கொடைக்கானல் கூடத்துக்குத் தாய்வீடு சென்னை நுங்கம்பாக்கம். அங்கே 1792ஆம் ஆண்டு எழுந்த வான் ஆய்வுக்கூடத்தில் கருவியைத் தாங்க நிறுவிய கருங்கல் தூண் இன்றும் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்குப் பின் வருவோர்க்கும் செய்தி எட்டட்டும் என்ற கருத்தோடு, தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளில் அதில் எழுத்துப் பொறித்திருக்கின்றனர். ஆயிரம் ஆண்டு கழித்து வருபவனிடம் பேசக் கல்லைத் தேடிய மனிதன், அடுத்த நாற்காலியில் அமரப் போகிறவனிடம் பேச வாயைத் திறப்பது எத்தனை அரிதாக இருக்கிறது!

அதே கூடத்தில் நார்மன் போக்சன் என்பவர் 1861 முதல் முப்பதாண்டுக் காலம் தலைமை தாங்கினார். 1891இல் அவர் மறைந்தபோது, அவர் காலத்து விண்மீன் அளவீடுகளில் பெரும்பகுதி அச்சேறாமலே கிடந்தது. பின்னால் வந்த மிச்சி ஸ்மித் நினைத்திருந்தால், "முன்னவர் குறை என்னைச் சேர்ந்ததன்று" என்று ஒதுக்கியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. முன்னவரின் அளவீடுகளைக் கணக்கிட்டு ஒழுங்கு செய்து, 5,303 விண்மீன்களின் அட்டவணையோடு நூல்களாக வெளிக்கொணர்ந்தார். முன்னவர் முடிக்காமல் விட்டதை ஏளனத்துக்குரிய பொருளாக்காமல், தம் மீது விழுந்த கடனாக ஏற்பதே பின்வருபவரின் பெருந்தன்மை.

போக்சனிடம் முதல் உதவியாளராக விளங்கிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியையும் இங்கு நினைக்க வேண்டும். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டவர் அவர். 1874 டிசம்பர் 9ஆம் நாள் வெள்ளிக்கோள் சூரியனைக் கடந்த நிகழ்ச்சியை நம் மக்களுக்கு விளக்க, இந்திய மொழிகளில் சிறுநூல் வெளியிட்டார். பழைய பஞ்சாங்கக் கணக்குகள் கண்ணால் காணும் வானத்தோடு பொருந்தாமல் விலகியிருப்பதை அறிந்து, நேர்நோக்கால் திருத்திய திருக்கணித முறைக்காக உழைத்தார். பழையதை எரிக்கவும் இல்லை. பழையது என்பதற்காக வணங்கி நிற்கவும் இல்லை. வானத்தை நடுவராக வைத்தார். முதியவரும் இளையவரும் முரண்படும்போது, "யார் பெரியவர்?" என்பதை விட்டுவிட்டு "வேலை என்ன சொல்கிறது?" என்று இருவரும் ஒரே பக்கம் திரும்பினால் பாதி வழக்குத் தீர்ந்துவிடும்.

முதியவரின் அச்சம்

இனி ஒரு நியாயமான மறுப்பைக் கேட்போம். "என் அறிவுதான் என் பாதுகாப்பு. அதனைக் கொடுத்துவிட்டால், கரும்பைப் பிழிந்து சக்கையை எறிவதுபோல் என்னை எறிந்துவிடுவார்களே!" என்கிறார் முதியவர். இந்த அச்சம் வெறுங்கற்பனையன்று. கைக்கு வந்த இளைஞருக்குப் பாதிச் சம்பளம் கொடுத்தால் போதும் என்று, தொழில் தெரிந்த மூத்தவரை வீட்டுக்கு அனுப்பிய இடங்களை நாம் கண்டிருக்கிறோம். அத்தகைய இடத்தில் வாய் திறவாத முதியவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது அநீதியாகும்.

ஆகவேதான் தொழிலறிவை உடைமை என்பதைவிட அமானிதம் என்று சொல்வது பொருத்தமாகத் தோன்றுகிறது. ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளை உரியவரிடம் உரிய காலத்தில் சேர்ப்பதே அமானிதம். அதில் ஒப்படைப்பவர், ஏற்பவர் என இருவர் மட்டும் இல்லை. இருவருக்கும் நடுவே நின்று நம்பிக்கையைக் காக்கும் இல்லமும் உண்டு. முதலாளி, நிறுவனம், அலுவலகத் தலைமை ஆகியோரே அந்த இல்லத்தார். "சொல்லிக் கொடுத்ததனால் உமக்கு ஒரு குறையும் வாராது" என்ற உறுதியை முதியவருக்கும், "கேட்டதனால் உன்னை அறிவிலி என்று எண்ணமாட்டோம்" என்ற உறுதியை இளைஞருக்கும் கொடுப்பது அவர்கள் கடன். அவ்வுறுதி இல்லாத இடத்தில் எத்தனைக் கூட்டம் போட்டுப் பேசச் சொன்னாலும் வாய்கள் அசையும், உள்ளங்கள் திறவா.

ஆயினும் நம்மில் பலரிடம் இருப்பது அந்த அச்சமும் அன்று, வெறும் மனத்தாங்கல். எனக்கு அந்த மண்டியில் எவ்விதப் பாதுகாப்புக் குறையும் இருந்ததில்லை. ஓய்வு பெறும் நாளும் குறிக்கப்பட்டிருந்தது. ஒரு சொல் சுட்டது, அவ்வளவே. அந்தச் சூட்டை ஆற்றிக்கொள்ள நான் கையாண்ட பொருள் என்னுடையதன்று, அந்த அம்மாளுடையது. அமானிதத்தை எடுத்துத் தம் கோபத்துக்குச் செலவிட்டவனை என்ன பெயரிட்டு அழைப்போம்?

இளைஞரின் பக்கமும் ஒரு நோய் உண்டு. புதிய கருவியைக் கையாளத் தெரிந்த காரணத்தால், அக்கருவி வருமுன் இருந்தவர்கள் இருட்டில் இருந்தார்கள் என்று எண்ணுவது. கொடைக்கானலின் கண்ணாடித் தட்டைக் கணினியில் ஏற்றத் தெரிந்தவருக்கு நாம் நன்றி சொல்வோம். ஆனால் ஏற்றுவதற்குத் தட்டு ஒன்று வேண்டுமே! குளிர்ந்த விடியலில் குவிமாடத்தைத் திறந்து அதனை எடுத்தவர் யார்? அவர் கணினியைக் கண்டதில்லை. இவர் அந்த விடியலைக் கண்டதில்லை. இருவரும் சேர்ந்தால்தான் நூறாண்டுச் சூரியன்.

சேர்ந்து நோக்குதல்

புதிய கருவி வரும்போது வானியலார் கைக்கொள்ளும் நெறி ஒன்று நமக்குச் சிறந்த வழிகாட்டி. பழைய கருவியை இன்று நிறுத்திவிட்டுப் புதியதை நாளை தொடங்கினால், இரண்டும் காட்டும் அளவு ஒன்றுதானா என்று ஒப்பிட வழியிராது, தொடர் அறுந்துவிடும். ஆகவே சில காலம் இரண்டும் ஒன்றையே சேர்ந்து நோக்க வேண்டும். கொடைக்கானலில் 2008ஆம் ஆண்டு புதிய இரட்டைத் தொலைநோக்கி பணிக்கு வந்தது. அதற்குப் பின்னும் பழைய தொலைநோக்கியில் வெண்ணொளிப் படமெடுப்பது உடனே நின்றுவிடவில்லை.

மனிதரிடத்தில் நாம் செய்வதென்ன? மூத்தவர் மாதக் கடைசி நாளில் மாலை போட்டுக்கொண்டு விடைபெறுகிறார். அவரிடத்துக்கு வேறொருவர் வர மாதங்களோ ஆண்டுகளோ ஆகின்றன. இருவரும் ஒரே மேசையில் ஒருநாள்கூட அமர்ந்ததில்லை. மாலைக்கும் சால்வைக்கும் செலவிடும் நாம், சேர்ந்து நோக்கும் அந்தச் சில வாரங்களுக்குச் செலவிடுவதில்லை.

சேர்ந்து அமர்ந்தால் எப்படிப் பேசுவது? இதற்கு நீண்ட சட்டம் வேண்டியதில்லை. இளையவர் கேட்கும்போது, "இதை ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?" என்ற சொற்களே விசாரணையாகவும் ஒலிக்கலாம், விருப்பமாகவும் ஒலிக்கலாம். வேறுபாடு குரலில் இருக்கிறது. அதற்குத்தான் நம் இல்லங்களில் அதபு என்று பெயர். படித்த இளைஞர் மேலதிகாரியாகவும் அவருடைய தந்தை வயதுடையவர் கீழ்ப்பணியாளராகவும் அமரும் காலம் இது. பதவியால் "சார்" என்று அழைக்கப்படுபவர், வயதுக்குரிய ஒரு சொல்லால் பதில் மரியாதை செய்தால் அவர் நாற்காலி உயரம் குறையாது. முதியவரும் தம் பங்குக்கு மூன்று வாக்கியங்களைப் பழகிக்கொள்ள வேண்டும். "இதனை இன்னார் எனக்குச் சொன்னார்" என்பது ஒன்று. "இதில் நான் ஒருமுறை தவறினேன்" என்பது மற்றொன்று. "இது ஏனென்று எனக்கும் தெரியாது" என்பது மூன்றாவது. இம்மூன்றும் வராத நாவிலிருந்து அறிவு இறங்குவதில்லை. அதிகாரம் மட்டுமே இறங்குகிறது.

மலையிலிருந்து இறங்கி வந்ததும் நான் மண்டிக்குச் சென்றேன். கட்டி மேலே போட்டிருந்த பேரேடுகளை அந்த இளைஞரே ஏணி வைத்து இறக்கித் தூசி தட்டினார். ஒரு வார காலம் மாலை வேளைகளில் இருவரும் அருகருகே அமர்ந்தோம். ஒவ்வொரு பிறைக்கோட்டுக்கும் உரியவர் இன்னும் சரக்கு அனுப்புகிறாரா, எந்த ஏற்பாடு, யார் சொன்னது என்று நான் சொல்லச் சொல்ல அவர் கணினியில் பதிந்தார். அந்த அம்மாளின் பெயரை முதலில் பதிந்தார். பேரேட்டில் வேறு சில குறிகளும் இருந்தன. அவற்றில் இரண்டுக்கு எனக்கே பொருள் தெரியவில்லை. எனக்குக் கற்பித்தவரிடம் நான் கேட்காமல் விட்டவை அவை. இனிக் கேட்க அவர் இல்லை.

"இதற்கு என்ன எழுதட்டும், பாய்?" என்றார் இளைஞர்.

"பொருள் தெரியவில்லை என்றே எழுது, தம்பி. கேட்க மறந்தவன் நான் என்றும் எழுது" என்றேன்.

அவர் அப்படியே பதிந்துகொண்டார். நாளை அவருக்குப் பின் வருபவர் அதனைப் படிப்பார். நம்மிடம் வந்து சேர்ந்ததைச் சேர்ப்பித்து, சேராததைச் சேரவில்லை என்று உண்மையாகச் சொல்லிவிட்டுப் போவதே நம்மேல் உள்ள கடன். நம் ஒவ்வொருவர் பேரேட்டிலும் அத்தகைய பிறைக்கோடுகள் எத்தனை உண்டென்று, விடைபெறும் நாள் வருமுன் எண்ணிப் பார்ப்போமாக.